ஒரே மைக்கில் பதிவான ‘த டிரினிட்டி செஷன்’: நம் தோட்டப் பாடல்களுக்கு அந்த முறை ஒத்துவருமா?

கடலோரக் குரல் (பட்டர்வொர்த், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். செபராங் பிறையைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களில் பாடப்பட்டு வந்த தாலாட்டு, ஒப்பாரி, வேலைப் பாட்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, கிதார், வயலின், கஞ்சிரா, உறுமி ஆகியவற்றோடு பாடி வரும் சிறு குழு எங்களுடையது. எங்கள் பாடகி உரத்துப் பாடுபவர் அல்லர். அருகில் அமர்ந்து பேசுவதைப் போன்ற தணிந்த குரல் அவருடையது. அந்தக் குரலை நம்பித்தான் குழுவே உருவானது.

முதல் தொகுப்பைப் பதிவு செய்வதற்காக ஒரு ஸ்டூடியோவில் இரண்டு பாடல்களை முயன்று பார்த்தோம். ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்தி, ஹெட்போனில் தாளத் தட்டலைக் கேட்டுக்கொண்டே வாசிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வாத்தியமும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. ஆனால், ஒப்பாரியில் பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் வயலின் தானாகக் காத்து நிற்குமே, அது அந்தப் பதிவில் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசித்தால் அது எப்படி வரும்?

இந்த நிலையில்தான் கனடாவைச் சேர்ந்த ‘கௌபாய் ஜங்கீஸ்’ குழுவின் ‘த டிரினிட்டி செஷன்’ தொகுப்பை நண்பர் ஒருவர் கேட்கக் கொடுத்தார். 1988-இல் வெளிவந்து அந்தக் குழுவை உலகறியச் செய்த அந்தத் தொகுப்பு, ஒரு தேவாலயத்தில், ஒரே நாளில், ஒரே மைக்கைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது என்று சொல்கிறார்கள். மார்கோ டிம்மின்ஸ் பாடுவதைக் கேட்டபோது, எங்கள் பாடகியை இப்படித்தான் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் அனைவருக்குமே தோன்றிவிட்டது.

நிபோங் திபால் பக்கத்தில் பழைய தோட்ட மண்டபம் ஒன்று எங்களுக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறது. பலகைச் சுவர், சிமெண்டுத் தரை, தகரக் கூரை. அங்கே ஒரு மைக்கை நடுவில் வைத்து அதே முறையில் பதிவு செய்ய முடியுமா என்பது என் முதல் கேள்வி. இவ்வளவு அமைதியான ஒரு தொகுப்பு, அந்தக் காலத்தில் எப்படி அத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது இரண்டாவது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலிக்கூடத்தான் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

வணக்கம் தம்பி. பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ‘ஒரே நாள், ஒரே மைக்’ என்ற பேச்சைச் சற்றுத் திருத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு நடந்தது 1987 நவம்பர் 27-ஆம் தேதி, டொரோண்டோ நகரின் நடுவிலுள்ள ‘ஹோலி டிரினிட்டி’ தேவாலயத்தில். அனுமதி எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, வானொலிக்கான கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வந்திருக்கும் ‘டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள்’ என்றே அவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்களாம். ஏறக்குறைய முழுத் தொகுப்பும் அன்றே முடிந்தது. ‘மிஸ்கைடட் ஏஞ்சல்’ பாடலை முடிப்பதற்குள் வாடகை நேரம் தீர்ந்துவிட்டதால், காவலாளியின் கையில் 25 டாலரை வைத்துக் கூடுதல் நேரம் பெற்றார்கள். துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் மார்கோ தனியே பாடும் ‘மைனிங் ஃபார் கோல்ட்’ மட்டும் அன்று முடியாமல், சில நாள் கழித்துப் பதிவானது.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அந்த நாளின் முற்பகுதி எதில் செலவானது என்பதைத்தான். தயாரிப்பாளர் பீட்டர் மூரும் குழுவினரும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தை, யார் எங்கே நிற்பது, எந்த வாத்தியம் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளியிருப்பது, யார் எவ்வளவு மெதுவாக வாசிப்பது என்பதைத் தீர்மானிப்பதிலேயே செலவிட்டார்கள். பதிவு நேராக இரண்டே டிராக்குகளில் இறங்கியது. டிரம்ஸ் சற்று ஓங்கிவிட்டது, கிதாரைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று பின்னால் சரிசெய்ய வழியே கிடையாது. நாங்கள் மிக்சிங் மேசையில் உட்கார்ந்து நாள்கணக்கில் செய்யும் வேலையை அவர்கள் ஆட்களை நகர்த்தியே செய்து முடித்தார்கள். குறைந்த வாத்தியங்களைக் கொண்ட பாடல்களில் தொடங்கி, விருந்தினர் கலைஞர்கள் வந்து சேரச் சேர, அக்கார்டியன், ஸ்டீல் கிதார், ஹார்மோனிகா, மாண்டலின் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். அந்த விருந்தினர்களில் பலரோடு முன்கூட்டி ஒத்திகைகூட இல்லை.

மைக்கும் சாதாரண மைக் அன்று. கால்ரெக் நிறுவனத்தின் ஆம்பிசோனிக் வகையைச் சேர்ந்தது. நான்கு சிறு ஒலி உணரிகளை நெருக்கமாகப் பொருத்தி, எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒலியை வாங்கும் கருவி. நம் கைக்கு எட்டும் விலையில் இன்று ஒரு ஜோடி சிறு கண்டென்சர் மைக்குகளை அருகருகே வைத்தால், உங்கள் தேவைக்குப் போதுமான ஸ்டீரியோ பதிவு கிடைத்துவிடும். கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது உங்கள் பாடகியின் குரலைப் பற்றி. தணிந்த குரல் ஒன்று, நடுவில் உள்ள ஒற்றை மைக்கில் கிதாரையும் தாள வாத்தியத்தையும் மீறி எப்படிக் கேட்கும்? டொரோண்டோவிலும் இதே சிக்கல் வந்தது. அதற்கு மூர் கண்ட வழி, தேவாலயத்தில் வேறொரு குழு விட்டுச்சென்றிருந்த ஸ்பீக்கர்களின் வழியாக மார்கோவின் குரலைக் கொடுத்து, அந்த ஸ்பீக்கரையும் ஒரு வாத்தியத்தைப் போல மைக்குக்கு ஏற்ற தொலைவில் வைத்ததுதான். ஆகவே, மார்கோவுக்கு முன்னால் பாடுவதற்கென்று ஒரு மைக் இருந்தது. முழுப் பதிவையும் வாங்கியது மற்றொரு மைக். ஒரே மைக் என்ற பேச்சை அப்படியே நம்பி, பாடகியை வெறும் தொண்டையோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் பாதிப் பாட்டிலேயே கத்தத் தொடங்கிவிடுவார்; நீங்கள் எதற்காக இந்த முறையைத் தேடினீர்களோ அது அங்கேயே போய்விடும்.

இன்னொன்று. உரத்த வாத்தியத்தைத் தள்ளி வைத்தால் அது தணிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். திறந்த வெளியில் அது உண்மை. தொலைவு இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மூடிய மண்டபத்தில் ஓரளவு தொலைவு வரைதான் அந்தக் கணக்கு செல்லும். அதைத் தாண்டிவிட்டால், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிதான் மேலோங்கி நிற்கும். அப்போது உறுமியை இன்னும் பின்னால் தள்ளினால் சத்தம் குறையாது, தெளிவுதான் குறையும். அந்தத் தொகுப்பில் பீட்டர் டிம்மின்ஸ் டிரம்ஸைத் தொட்டும் தொடாமலும் வாசிப்பதற்குக் காரணம் அதுவே. மைக்கை வைக்குமுன், உங்கள் தாளக் கலைஞர் பாடகியின் குரலளவுக்குத் தம் கையை அடக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய இசைத்தட்டு (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். இந்தத் தொகுப்பு நெடுங்காலமாக என்னோடு இருப்பது.

கௌபாய் ஜங்கீஸ் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்தவர்கள் அல்லர். கிதார் வாசிக்கும் மைக்கேல் டிம்மின்ஸும் பேஸ் வாசிக்கும் ஆலன் ஆண்டனும் அதற்கு முன்பே வேறு குழுக்களில் வாசித்து, நியூயார்க்கிலும் லண்டனிலும் அலைந்து திரும்பியவர்கள். மைக்கேலின் தங்கை மார்கோவும் தம்பி பீட்டரும் சேர்ந்த பிறகே குழு முழுமை பெற்றது. 1986-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பும் பீட்டர் மூர் ஒரே மைக்கில் பதிவு செய்ததுதான். பெரும்பாலும் பழைய புளூஸ் பாடல்களைக் கொண்ட அது பரவலாகப் பேசப்படவில்லை. ஆகையால் மைக்தான் இரண்டாவது தொகுப்பை உயர்த்தியது என்று சொல்வது பொருந்தாது. அதே மைக் முறை, அதே தயாரிப்பாளர், அதே நால்வர். மாறியவை இடமும் பாடல்களும் உடன் வாசித்தவர்களும்.

காலமும் கைகொடுத்தது என்பதை மறுக்க மாட்டேன். எண்பதுகளின் பிற்பகுதியில் மேற்கத்திய வானொலி முழுவதும் இடி போன்ற டிரம்ஸும் சிந்தசைசரும் நிறைந்திருந்தன. அதே வேளையில் 1987-இல் சுசான் வேகாவும் 1988-இல் டிரேசி சாப்மனும் ஒரு கிதாரோடு தணிந்த குரலில் பாடிப் பெருங்கூட்டத்தைத் தம் பக்கம் திருப்பியிருந்தார்கள். அந்த வாசல் திறந்திருந்த நேரத்தில்தான், கௌபாய் ஜங்கீஸ் தங்கள் சொந்தச் சிறு நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட தொகுப்பை ஆர்சிஏ நிறுவனம் வாங்கி அதே ஆண்டில் உலகெங்கும் கொண்டு சென்றது. ‘ஸ்வீட் ஜேன்’ பாடல் அவர்களைத் தெரியாதவர்களிடமும் கொண்டு சேர்த்தது. அது வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் பாடல். 1970-இல் வந்த பரவலாக அறியப்பட்ட வடிவத்தை விட்டுவிட்டு, அதே குழு 1969-இல் மேடையில் மெதுவாகப் பாடிய வடிவத்தை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதை எழுதிய லூ ரீடே இவர்கள் பாடியதை மனமாரப் பாராட்டினார்.

உங்களுக்கு உண்மையில் பயன்படும் பாடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தொகுப்பில் பாதிக்கு மேல் பிறர் பாடல்களும் மரபுப் பாடல்களும்தான். 1949-இல் ஹேங்க் வில்லியம்ஸ் பாடிய தனிமைப் பாட்டு ஒன்று உண்டு. 1957-இல் பேட்சி கிளைன் பாடிப் புகழ்பெற்ற, நள்ளிரவில் நடந்து திரியும் பெண்ணின் பாட்டு ஒன்றும் உண்டு. இந்தப் பின்னதைக் கவனித்துக் கேளுங்கள். பேட்சி கிளைன் பாடியபோது அது துள்ளல் நடையில் இருந்தது. இவர்கள் சொல்லை மாற்றாமல் நடையை மட்டும் பாதியாக்கினார்கள். ஊர் சுற்றிய பாட்டு உறக்கம் வராதவளின் பாட்டாகிவிட்டது. எல்விஸ் பிரெஸ்லியை நினைத்து எழுதிய ‘புளூ மூன் ரிவிசிட்டட்’ பாடலில், மைக்கேலின் சொந்த வரிகள் மெல்ல மெல்ல 1934-ஆம் ஆண்டுப் பழைய பாட்டுக்குள் போய்க் கலக்கின்றன; எந்த இடத்தில் புதியது முடிந்து பழையது தொடங்கியது என்று முதல் முறை கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடாது.

தொடக்கப் பாடலான ‘மைனிங் ஃபார் கோல்ட்’ சுரங்கத் தொழிலாளியின் வாய்மொழி. கல் தூசி நுரையீரலை அரித்துத் தின்பதைச் சொல்லும் அந்தப் பாட்டுக்கு ஒரு தம்புராச் சுருதிகூட இல்லை. ஒரு பெண் குரல், பின்னால் கட்டடத்தின் மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். பால்மரக் காட்டில் பாடிய நம் பாட்டிகளின் பாட்டைச் சுமந்துகொண்டு திரிகிறீர்களே, தம்பி, அவற்றில் ஒன்றையாவது இப்படி வாத்தியமே இல்லாமல் முதலில் வையுங்கள். கேட்பவரின் காது அந்த அளவுக்கு இறங்கி வந்துவிட்டால், அதன்பிறகு உங்கள் கிதாரின் ஒரு நரம்பு ஒலித்தாலும் போதும்.

செந்தூல் உறுமி (கோலாலம்பூர்)

வணக்கம். மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் ‘தாளக் கலைஞர் கையை அடக்க வேண்டும்’ என்ற கருத்தை நான் அப்படியே ஏற்க இயலாது.

பீட்டர் டிம்மின்ஸ் மெதுவாக வாசித்தார் என்றால், அவர் வாசித்த பாடல்கள் அதைக் கேட்டன. ஒப்பாரியில் உறுமி என்ன வேலை செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், பாடுபவளோடு சேர்ந்து அழும் இரண்டாவது குரல். அழுத்தம் இல்லாவிட்டால் முனகல் பிறக்காது. வெறும் உரசல்தான் வரும். குறைத்து வாசி என்று உறுமிக்காரரிடம் சொல்வது, குறைத்து அழு என்று துக்க வீட்டில் சொல்வதற்குச் சமம். அந்தக் கனடாக்காரர்களைப் பார்த்து நம் பாட்டை மெலிய வைத்துவிடக் கூடாது என்பது என் ஆதங்கம்.

அதற்காக வழியே இல்லை என்று சொல்லவில்லை. உறுமியில் காதைக் குத்துவது முனகல் அன்று. மறுபக்கத்தில் விழும் குச்சியடிதான். முனகும் முகம் மைக்கை நோக்கியும், அடிக்கும் முகம் மைக்குக்கு முதுகு காட்டியும் இருக்கும்படி வாசிப்பவரைத் திருப்பி உட்கார வையுங்கள். அவருக்குப் பின்னால் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டால், அடி சுவரில் பட்டுத் திரும்புவதும் குறையும். அழுத்தத்தைக் குறைக்காமலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மேலும், ஒலிக்கூடத்தான் அண்ணன் சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டால், உறுமி உரக்க ஒலிக்க வேண்டிய பாடல்களை மண்டபத்துக்கு வெளியே, கூரையில்லாத திடலில் பதிவு செய்தால் என்ன? அங்கே தள்ளி உட்கார்ந்தால் சத்தம் உண்மையாகவே குறையுமே. அந்தப் பாடல்கள் பிறந்ததும் வாசலில்தானே.

தோலைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர் ஈரக்காற்றில் உறுமியும் கஞ்சிராவும் மாலைக்குள் தொய்ந்துவிடும். ஒரே மூச்சில் பதிவு செய்யும்போது, காலையில் பதிவான பாட்டுக்கும் மாலையில் பதிவான பாட்டுக்கும் நாதம் வேறாக இருக்கும். தோல் வாத்தியம் உள்ள பாடல்களை அடுத்தடுத்து வைத்து முடித்துவிடுங்கள்.

கடலோரக் குரல் (பட்டர்வொர்த், பினாங்கு)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை.

உறுமி அண்ணன் எழுதியதை எங்கள் வாசிப்பாளரிடம் படித்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பி உட்காரும் யோசனையை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். தாலாட்டுகளையும் கிதார் பாடல்களையும் மண்டபத்துக்குள்ளும், ஒப்பாரியைத் திடலிலும் பதிவு செய்யலாம் என்று இப்போது பேசி வருகிறோம். இரண்டு இடங்களில் பதிவு செய்தால் தொகுப்பு முழுவதற்கும் ஒரே ஒலி இருக்காதே என்பதுதான் பாடகியின் தயக்கம். டிரினிட்டியின் அழகே, எல்லாப் பாடல்களும் ஒரே கூரையின் கீழ் பிறந்ததாகக் கேட்பதில்தானே இருக்கிறது என்கிறார் அவர். ஒலிக்கூடத்தான் ஐயா இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? மண்டபத்தை நேரில் பார்க்கும்போது எதையெதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

ஒலிக்கூடத்தான் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

உங்கள் பாடகி சொல்வது சரி. நான் அவர் பக்கம். செந்தூல் நண்பர் உறுமியைப் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். எனக்கு அந்த வாத்தியத்தில் அவருக்குள்ள பழக்கம் இல்லை. ஆனால், தொகுப்பின் நடுவில் இடம் மாறினால் கேட்பவரின் காது கலைந்துவிடும். டிரினிட்டியில் முதல் பாடலின் முதல் நொடியிலேயே அந்தக் கட்டடத்தின் காற்று நம் அறைக்குள் வந்துவிடுகிறது. அதன்பிறகு இறுதிவரை நாம் அங்கேயே இருக்கிறோம். திடலில் பதிவு செய்வதானால் அந்த ஒப்பாரிகளை மட்டும் இரண்டாம் பகுதியாகத் தனியே வையுங்கள், அல்லது தனிச் சிறு தொகுப்பாக வெளியிடுங்கள். தாலாட்டுக்கு நடுவே நுழைக்க வேண்டாம்.

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது பாடகியையும் அழைத்துச் செல்லுங்கள். காலியான மண்டபத்தின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய ஒலி மெல்லக் கரைந்து மறைந்தால் நல்லது. ‘டிங்’ என்று கம்பி அதிர்வதைப் போல வந்தால், இணையாக நிற்கும் இரண்டு பலகைச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடப்படுகிறது என்று பொருள். ஒரு சுவரோரமாகப் பாய்களையும் நாற்காலிகளையும் தாறுமாறாக அடுக்கினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். சிமெண்டுத் தரையில், குழு உட்காரும் இடத்தில் மட்டும் ஜமக்காளம் விரியுங்கள். முழுத் தரையையும் மூடிவிட்டால் மண்டபத்தின் குரலையே மூடிவிடுவீர்கள். ஹோலி டிரினிட்டி 1847-இல் கட்டப்பட்ட உயரமான கட்டடம். உங்கள் மண்டபத்துக்கு அந்த நீண்ட ரிவர்ப், அதாவது ஒலி நின்ற பிறகும் தொடரும் முழக்கம், வராது. அதைப் பின்னால் கணினியில் சேர்க்க முயல வேண்டாம். பலகை மண்டபத்துக்கு அதற்கே உரிய சிறிய, வெதுவெதுப்பான ஒலி உண்டு. தோட்டத்துப் பாட்டுக்கு அதுவே பொருத்தம்.

மின்விசிறிகளை நிறுத்தித்தான் ஆக வேண்டும். புழுக்கத்தைத் தாங்க முடியாது என்பதால் பதிவைக் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழுகை அழைப்பு நேரங்களையும், பக்கத்துச் சாலையில் லாரிகள் ஓடும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது.

மைக்கை வைக்குமுன், மைக் நிற்கப்போகும் இடத்தில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி, ஒரு பாடலை முழுமையாக வாசியுங்கள். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் யார் நகர வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். சரியான இடம் அமைந்ததும் ஒவ்வொருவரின் காலடியிலும் நாற்காலிக் காலிலும் ஒட்டுநாடாவால் அடையாளம் போட்டுவிடுங்கள். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து அரை அடி தள்ளி அமர்ந்தாலே சமநிலை மாறிவிடும். பாடகிக்கான ஸ்பீக்கர் சிறியதாக இருக்கட்டும். அதை அவருக்குப் பக்கத்திலேயே, குழுவினரை நோக்கி அல்லாமல் பதிவு மைக்கை நோக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அவருடைய பாட்டு மைக்கே அதை வாங்கிக் கூவத் தொடங்கும். அந்தச் சிறு ஸ்பீக்கர் உங்களிடம் இல்லையென்றால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். என்னிடம் ஒன்று சும்மா இருக்கிறது, பட்டர்வொர்த்துக்கு வரும் ரயிலில் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.